மாதவிடாய் நின்ற பின்னும் ஈஸ்ட்ரோஜன்: அரோமட்டேஸ் நொதியை அறிவோம்

"மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகின்றன; பிறகு எதற்காக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை?" மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலர் எழுப்பும் வினா இது. இதற்கான விடை அரோமட்டேஸ் என்னும் நொதியில் உள்ளது.

மாதவிடாய் நின்றபின் சினைப்பைகளின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு பெரிதும் ஓய்ந்துவிடும். ஆயினும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனை, கொழுப்பு, தசை, மார்பகம் ஆகியவற்றின் திசுக்களில் உள்ள அரோமட்டேஸ் தொடர்ந்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட புற்றுநோய்ச் செல்கள் வளர அச்சிறு அளவும் உதவக்கூடும்.

நொதியின் அமைப்பு

அரோமட்டேஸ் 503 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அதன் உள்ளே, குருதிக்குச் செந்நிறம் தரும் அதே ஹீம் மூலக்கூறு உள்ளது. ஹீமின் மையத்தில் ஓர் இரும்பு அணு. அதற்கு மேலே சிறிய குழி. ஆண்ட்ரோஜன் அக்குழியில் அமர்ந்ததும், இரும்பு அணு ஆக்சிஜனைப் பற்றி, மூன்று படிகளில் ஆண்ட்ரோஜனிலிருந்து ஒரு கார்பன் அணுவை நீக்குகிறது, ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் டெபாஷிஷ் கோஷ் குழுவினர், மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த இந்நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, 2009இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். ஆண்ட்ரோஜன் அக்குழியில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

மாத்திரை செய்யும் பணி

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவை இரும்பு அணுவைப் பற்றிக்கொண்டு குழியை அடைக்கின்றன. அப்பிடிப்பு நிலையானதன்று, மருந்து உடலைவிட்டு நீங்கினால் நொதி மீண்டும் இயங்கும். எக்ஸெமெஸ்டேன் ஆண்ட்ரோஜனை ஒத்த உருவுடன் நுழைந்து, நொதியை நிலையாகச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் செல்கள் புதிய நொதியை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. எனவேதான் எம்மாத்திரையாயினும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். பொதுவாக 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல்.

நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியது

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மூட்டுவலி, திடீரென உடல் சூடாதல், எலும்புத் தேய்மானம் ஆகியவை தோன்றலாம். வலி தாளாமல் சிலர் எவரிடமும் கூறாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது எல்லாம் நலமே என்கின்றனர். நொதியோ மீண்டும் தன் பணியைத் தொடங்கியிருக்கும். வலியை மறைக்காதீர்கள். மாத்திரையை மாற்றலாம், உடற்பயிற்சி வலியைக் குறைக்கும், எலும்பு அடர்த்தியைச் சோதித்து உரிய மருந்தும் அளிக்கலாம். "மாத்திரை போட்டாயா?" என்று கேட்கும் குடும்பத்தார், "வலி எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள். உண்மையான பதில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கே கிடைக்கும்.