சம்பூரில் காடேறிய வயல்

கேள்வி: 2006இல் போரால் நாங்கள் இடம்பெயர்ந்த பின் எங்கள் வயல் பற்றைக்காடாகிவிட்டது. எவ்வாறு சீர்திருத்துவது?
— மூதூர் வாசகர்

பதில்: 2015இல் 818 ஏக்கர் காணி மக்களுக்கு மீள விடுவிக்கப்பட்டபோது சம்பூர் ஜனங்கள் கண்டதும், ஒன்பது ஆண்டுகள் உழவின்றி முட்புதர் மூடிய பூமியையே. புல்டோசரால் யாவற்றையும் ஒரேயடியாக வழித்தெறிவது, வருஷக்கணக்கில் உதிர்ந்த இலைகளால் வளம்பெற்ற மேல்மண்ணையும் உடன் வாரிச் சென்றுவிடுமாகையால், அதனை அறவே தவிர்த்து, புதர்களை வேரோடு அகழ்ந்து, எல்லைப் பனைகளைக் காத்து, முதற் பெரும்போகத்தைப் பசுந்தாள் உரத்துக்கே விட்டுக்கொடுத்து, உவரையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கவல்ல தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதே உத்தமம். ஊர்க் குளக்கட்டு உடைந்து கிடக்க வயலை மாத்திரம் திருத்துவது வீண் பிரயாசை. பள்ளக்காணி நெல்லுக்கும், மேட்டுநிலம் நிலக்கடலைக்கும் மரங்களுக்கும் ஆகுக. கண்ணிவெடி அபாயமில்லை என்பதையும், காணி எல்லையையும் பிரதேச செயலகத்தில் நிச்சயித்துக்கொண்ட பின்னரே மண்வெட்டியை எடுங்கள்.