ராஜி ஆன பிறகும் நிற்கும் வில்லங்கம்

கிள்ளை

அன்புள்ள மருமகளுக்கு,

"கேஸ்தான் ராஜியில் முடிந்துவிட்டதே மாமா, வில்லங்கச் சான்றில் அந்த வரி ஏன் இன்னும் நிற்கிறது?" என்று போனில் கேட்டாய். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் கடன் தரத் தயங்குகிறார்கள் என்றாய். சட்டம் படிக்கிற பிள்ளை நீ. இதை இப்போதே தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பதிந்த அறிவிப்புதான் அந்த வரி. அதற்கு அடிப்படை தெரிய, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 52ஆம் பிரிவை எடுத்துப் பார். பிராது தாக்கலான நாளிலிருந்து தீர்ப்பாணை முழுவதும் நிறைவேறும் வரை வழக்கு நிலுவையில் இருப்பதாகவே கணக்கு. இடையில் சொத்தை வாங்கியவரும் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியவர்தான். வழக்கு இருப்பது தெரியாது என்று அவர் சொன்னால் எடுபடாது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மட்டும், 1939இல் வந்த பம்பாய்த் திருத்தத்தால், நிலுவை வழக்கு அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் இந்தப் பிரிவு செல்லும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் 2010இல் உச்ச நீதிமன்றம், அந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுவருவது பற்றி யோசிக்கச் சொன்னது. ஏமாந்து வாங்குகிறவர்களை நினைத்துச் சொன்ன நல்ல யோசனை அது.

நம் பக்கத்தில் அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் எச்சரிக்கையாகச் சிலர் பதிந்து வைக்கிறார்கள். உங்கள் பாகப்பிரிவினை வழக்கில் வாதியான உன் பெரியப்பா செய்ததும் அதுதான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. சிதம்பரம் கோர்ட்டில் வழக்கு முடிந்த செய்தி சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. பதிந்தவர்தான் முன்வந்து நீக்கிக் கொடுக்க வேண்டும். ராஜிக்குப் பிறகு மனக்கசப்பில் அவர் அலட்சியமாக இருந்துவிட்டால் எதிர்த்தரப்பு அலைய வேண்டியதுதான். அதனால் ராஜி மனு எழுதும்போதே, "இன்ன எண்ணுள்ள பதிவை இத்தனை நாளுக்குள் வாதி ரத்து செய்து தர வேண்டும்" என்று ஒரு வாசகம் சேர்த்துவிட வேண்டும். உங்கள் மனுவில் அதை விட்டுவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. நகல் மனு போட்டுத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்கு. பெரியப்பாவின் கையெழுத்தோடு ரத்து ஆவணம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர் வர மறுத்தால் நகலை வைத்துச் சார்பதிவாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய வரி அழியாது, புதிய பதிவும் சான்றில் சேர்ந்து வரும். படிக்கிறவருக்கு அது போதும்.

சண்டை உண்மையில் ஓய்ந்ததா என்று அறிய, வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் பார்க்கப் பழகு. சம்மதத் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. விசாரித்துச் சொன்ன தீர்ப்பு என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் கெடு உண்டு. புதிதாக வழக்குப் போட அனுமதி பெற்று வாபஸ் வாங்கியிருந்தால், அதே சண்டை மறுபடி வரலாம்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்கு நம் ஊருக்கு வரும்போது பெரியப்பாவும் வருவார். அதற்குள் நகலை வாங்கி வைத்துவிடு. நானும் உடன் வந்து அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா