வெளுத்ததெல்லாம் மேக்னசைட் அல்ல

நிலவியல் வரைபடத்தைத் திருத்த உட்காருகிறவர்கள் பலர் முதலில் செயற்கைக்கோள் படத்தைத்தான் திறக்கிறார்கள். நான் பழைய வரைபடத்தை விரிப்பேன். சாய்வுக் குறிகள் நெருங்கி விழுந்திருக்கும் இடங்களில் அதை வரைந்த நிலவியலாளர் கால் பதிய நடந்திருக்கிறார். குறியே இல்லாத பரப்பில் ஓடும் எல்லைக்கோடு பெரும்பாலும் ஊகம். நமக்கு வேலை அங்கேதான். பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் அளவீட்டில் இருக்கும், ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-இல் காட்டும். மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகி, ஒரு டோலரைட் டைக் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விடும்.

சேலம் பகுதிக்கு ஆஸ்டர் என்னும் செயற்கைக்கோள் கருவியின் படங்கள் நன்றாக உதவுகின்றன. அதன் குற்றலை அகச்சிவப்புக் கருவி 2008-இல் செயலிழந்துவிட்டதால் 2000-க்கும் 2008-க்கும் இடைப்பட்டவற்றையே தேட வேண்டும். கோடையில் எடுத்ததாகப் பாருங்கள். மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் பாறையை விடச் சீமைக்கருவேலமும் சோளமும்தான் தெரியும்.

சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட்டை ஆஸ்டரின் எட்டாம் அலைவரிசை எடுத்துக்காட்டும். சிக்கல் என்னவென்றால், கால்சைட்டும் அதே அலைவரிசையில்தான் ஒளியை உறிஞ்சுகிறது. உழுத காட்டில் கால்சைட்டால் ஆன சுக்கான்கல் மேலே கிளம்பியிருந்தால் அதுவும் படத்தில் மேக்னசைட் போலவே தெரியும். வாகனத்தை நிறுத்தி இறங்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் வழக்கு தீர்ந்தது: சுக்கான்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் கல் அசையாமல் கிடக்கும். பொடியாக்கி விட்டால் குழம்பிப் போவீர்கள், கட்டியின் மேலேயே விடுங்கள். சுரங்கக் கழிவு மேடுகளும் வெள்ளையாகத்தான் தெரியும். படத்தில் தெரியும் விளிம்பையே பாறை எல்லையாக வரைந்தால் கரடு ஊருக்குள் வந்துவிடும்.

நேர்கோடு கண்டதும் பிளவு, டைக் என்று வரைந்துவிடும் ஆசையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். வாய்க்கால், மின்கம்பி வழித்தடம், பழைய வண்டிப்பாதை எல்லாமே மேலிருந்து நேர்கோடுதான். டைக் என்றால் தரையில் உருண்டு திரண்ட கருங்கற்கள் வரிசையாகக் கிடக்க வேண்டும்.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தக்கல் பட்டைகள் உண்டு. அங்கே பிரண்டன் காம்பஸ் முள் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பாறையின் போக்கை நீளவாக்கில் நடந்து, இரண்டு முனைகளிலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துத் திசை கணக்கிடுவதே மேல்.

என்னைக் கேட்டால், பழைய வரைபடத்துக்குப் பிறகு மண்ணுக்கடியைத் திறந்து காட்டியது செயற்கைக்கோளை விடக் கிணறுகள்தான். மண் மூடிய சமவெளியில் கிணற்று மேட்டில் குவிந்திருக்கும் கல் சில்லுகளைக் கைலென்ஸில் பாருங்கள். கிணறு வெட்டியவரே கிடைத்தால் இன்னும் நல்லது. "பத்தடிக்கு சுக்கானுங்க, அப்புறம் வெங்கச்சங்கல்லு, அதுக்குக் கீழ காக்காப்பொன்னு மின்னுச்சுங்க" என்று அவர் சொன்னால், சுக்கான்கல், குவார்ட்ஸ், மைக்கா என்று அது முழுசான ஒரு துளைப்பதிவு.

ஆனால் அந்தப் பேச்சு உடனே கிடைக்காது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்க அளந்த 2018-க்குப் பிறகு, கையில் ஜிபிஎஸ்ஸோடு வரப்பில் நிற்கிறவரை இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா விடுவதில்லை. "எதுக்குங்க அளக்கறீங்க?" என்ற கேள்வி வரும். கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி, அவர் நிலத்துக் கல்லையே உடைத்து லென்ஸைக் கொடுங்கள். அனுமதி தராவிட்டால் திரும்பிவிடுங்கள். அந்தத் துண்டு எல்லையைப் புள்ளிக்கோடாகவே வரைந்து, நேரில் பார்க்கவில்லை என்று களக்குறிப்பில் எழுதிவிடலாம். அடுத்துத் திருத்த வருகிறவர் எங்கே நடக்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும்.