கப்பல் வேலைக்கு ஏஜெண்டுக்கு எதற்குப் பணம்?

“கேட்டரிங் முடிச்சாச்சு. ரெண்டு லட்சம் கட்டினா கப்பல்ல வேலை, டாலர்ல சம்பளம்.” ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சாதாரணம். சொகுசுக் கப்பலைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் குடும்பங்களைக் கடனில் தள்ளக்கூடியது இதுதான். அதற்கு முன் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

கப்பல் வந்தால் சென்னைக்குப் பணம் கொட்டும் என்பது ஒன்று. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து வழியனுப்பிய ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல், அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று இங்கிருந்து இலங்கைக்கும் போனது. அப்போது ரூ.17.21 கோடியில் பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. வரவு என்ன? இத்தகைய கப்பல்களை ஈர்ப்பதற்காக ஒன்றிய அரசு 2020 ஆகஸ்டில் துறைமுகக் கட்டணத்தை டன்னுக்கு 0.35 டாலரிலிருந்து 0.085 டாலராகக் குறைத்தது. எம்ப்ரஸின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 48,500 டன். அந்தக் கணக்கில் சுமார் 17,000 டாலர் வரவேண்டிய இடத்தில் 4,100 டாலர்தான் வரும். பயணிக்கு 5 டாலர் தலைவரி தனி. சென்னைத் துறைமுகத்துக்குச் சோறு போடுவது ஆண்டுக்கு ஐந்து கோடி டன் அளவிலான சரக்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஊர்ந்து போகின்றனவே, அந்தக் கன்டெய்னர்கள். கப்பல் தன் அரிசியையும் காய்கறியையும் இங்கே ஏற்றினால், இங்குள்ளவர்களை வேலைக்கு எடுத்தால் ஊருக்குப் பலன் உண்டு. நம் ஊர்ப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவிடுவதோடு சரி என்றால் செலவெல்லாம் கப்பலுக்குள்ளேயும் அக்கரையிலும்தான்.

நடுக்கடலில் சட்டமே கிடையாது என்பது இன்னொன்று. அதுவும் சரியல்ல. 2022 ஜூனில் புதுச்சேரி அனுமதி தராததால் இதே எம்ப்ரஸ் அங்கே பயணிகளை இறக்காமலே போனது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தப்படி பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் கொட்டக் கூடாது. எண்ணெய்க் கழிவைத் திருட்டுத்தனமாகக் கடலில் விட்டதற்காக பிரின்சஸ் க்ரூஸஸ் நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதைக் காட்டிக்கொடுத்தவர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர்.

இப்போது அந்த இரண்டு லட்சம். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 2006 என்று ஒன்று இருக்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. சொகுசுக் கப்பல்கள் பெருமளவில் பதிவாகியிருக்கும் பனாமா, பஹாமாஸ், மால்டாவும் ஏற்றுள்ளன. வேலை வாங்கித் தருவதற்கென்று ஆள் எடுப்பவர் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. பையன் கைக்காசில் செய்ய வேண்டியது மருத்துவச் சான்று, சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கான செலவு. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் கட்டணம் உண்டு. ஆனால் அது பயிற்சிக்கான கட்டணம். பயிற்சிக் கட்டணத்தையும் வேலைக்கென்று கேட்கும் பணத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். தனித்தனி ரசீது கேளுங்கள்.

ஏஜெண்டிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் தந்த ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அதிலுள்ள எண், பெயர், முகவரி, காலாவதித் தேதி நான்கையும் இயக்ககத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் எழுந்து வந்துவிடலாம்.

“சமையல்காரனும் ரூம் பாயும் மாலுமி இல்ல, அதெல்லாம் உனக்குப் பொருந்தாது” என்று சிலர் சொல்வார்கள். தவறு. கப்பலில் எந்த வேலை செய்தாலும் ஒப்பந்தத்தின் பார்வையில் அவர் மாலுமியே. பாத்திரம் கழுவுகிறவருக்கும் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வும் மாதந்தோறும் சம்பளமும் உரிமை. கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், விவரம் தெரிந்தவரிடம் காட்டவும் அவகாசம் தரவேண்டும். கையெழுத்தான அசல் பிரதி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். ஏறிய பிறகு பிரச்சினை என்றால், கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை ஏற்ற எந்த நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் அங்குள்ள அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அந்த அசல் பிரதியின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.