பட்டியலின் முதல் வரி

அன்புள்ள யாழினிக்கு,

"பொறியியல் கவுன்சலிங் பட்டியலில் கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கிற கல்லூரியை மேலே போடு" என்று யாரோ உன்னிடம் சொன்னதாக அக்கா போனில் சொன்னாள். அது தவறு. அதை நம்பி நல்ல மதிப்பெண்ணோடு வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. நீயும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 96 அப்படியே சேரும். இயற்பியல் 91-இல் பாதி 45.5, வேதியியல் 88-இல் பாதி 44. ஆக, 200-க்கு 185.5. ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் இதில் சேர்ந்தது. 2007-லிருந்து அது கிடையாது. ஒரே கட்-ஆஃப் பலருக்கு வந்தால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல் என்று போகும். அப்புறம் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. விண்ணப்பித்தவர்களுக்குத் தரும் ரேண்டம் எண் கடைசியில்தான் வரும், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ரேங்க் என்பது உன் முறை எப்போது வரும் என்பதை மட்டுமே சொல்கிறது. முறை வந்ததும் உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார்கள். முதல் வரியில் நீ எழுதிய கல்லூரியில், அந்த பிராஞ்சில், பொதுப்பிரிவில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் உன் சமூகப் பிரிவில் இருக்கிறதா? இரண்டிலும் தீர்ந்திருந்தால் அடுத்த வரி. உன் பட்டியலை முடித்த பிறகுதான் உனக்கு அடுத்த ரேங்க்காரரிடம் போவார்கள். முப்பது வரி கிடைக்காமல் போய் முப்பத்தோராவது கிடைத்தாலும், அந்த முப்பதையும் எழுதியதால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கிண்டியை மனதார விரும்பினால் முதல் வரியில் எழுது.

உண்மையான ஆபத்து பட்டியல் குட்டையாக இருப்பதில்தான். 2018-க்கு முன் கவுன்சலிங் அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. மீதமுள்ள இடங்களைத் திரையில் பார்த்து, அங்கேயே முடிவு சொல்ல வேண்டும். இப்போது எல்லாம் இணையவழி. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் உன் முறை வரும்போது எது மீதமிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பத்து வரி எழுதி, பத்தும் தீர்ந்திருந்தால் அந்தச் சுற்றில் உனக்கு எதுவும் இல்லை. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருக்கிறார்கள், தாராளமாக எழுது. போன வருடம் எந்தக் கட்-ஆஃபில் எந்த இடம் முடிந்தது என்பதை உன் சமூகப் பிரிவின் கீழ் பார். பட்டியல் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதற்கு அது உதவும். வரிசையை அதைக்கொண்டு மாற்றாதே.

இனி பிராஞ்ச். அமெரிக்காவில் பர்டூ போன்ற பல்கலைக்கழகங்களில் முதலாண்டு பொறியியல் எல்லோருக்கும் பொது, அதற்குப் பிறகுதான் துறை பிரிகிறது. நமக்குச் சேரும்போதே துறை முடிவாகிவிடுகிறது. பதினேழு வயதில் இதைக் கேட்பது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் ஊர்ப்பேச்சை விட்டுவிட்டு, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்றாம் செமஸ்டரை எடுத்துப் பார். முதலாண்டுப் பாடங்களில் பெரும்பகுதி எல்லாத் துறைக்கும் ஒன்றுதான்; துறையின் முகம் தெரிவது அதற்குப் பிறகு. கணினி அறிவியலில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் கணிதம் இருக்கும். சிவிலில் பாய்ம இயக்கவியல், நில அளவை, குடிநீர் வழங்கலும் கழிவுநீரும் இருக்கும். ஏரி, மதகு, குழாய் என்று சின்ன வயதிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் பெண் நீ. சிவிலை மேலே எழுத உனக்குக் கூச்சம் வேண்டாம். கல்லூரியா பிராஞ்சா என்று வந்தால், மிக மோசமான கல்லூரியாக இல்லாதவரை, நான் பிராஞ்ச் பக்கம்தான் நிற்பேன்.

இடம் ஒதுக்கிய பிறகு ஒரு கேள்வி வரும்: ஏற்றுக்கொண்டு சேர்கிறாயா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறாயா? காத்திருந்து மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பெயருக்காக மேலே எழுதிவைத்த கல்லூரி அப்போதுதான் வினையாகும்.

உன் தோழி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றாயே, அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறாளா என்று இன்றே கேள்.

பட்டியலை முதலில் தாளில் எழுது. அடுத்தடுத்த இரண்டு வரிகளாக எடுத்து, இரண்டும் கையில் கிடைத்தால் மேலே உள்ளதைத்தான் எடுப்பேனா என்று உன்னையே கேட்டுப் பார். இல்லையென்றால் இடம் மாற்று. கடைசி வரி வரை அப்படிப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சிவில் விஷயமாக உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா