வீட்டிற்குள் ஒரு நிலநீர்த் தொட்டி

நாம் அன்றாடம் பால் எடுக்கும் ரப்பர் மரம், கடல் கடந்து கிழக்கு நாடுகளுக்குக் கண்ணாடிப் பெட்டியில் வந்த மரமாகும். ஹென்றி விக்காம் என்பவர் 1876-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைப் பிரேசிலிலிருந்து இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் அவை விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. அவற்றுள் 1,919 நாற்றுகள் அவ்வாண்டிலேயே 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பெற்று இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன.

அக்கண்ணாடிப் பெட்டிக்கு வார்டு பெட்டி என்று பெயர். இலண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்டு, 1829-ஆம் ஆண்டில் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் ஒரு கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடி வைத்தார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து பன்னச் செடியொன்றும் புல்லும் முளைத்தன. தண்ணீர் ஊற்றுவாரின்றியே அவை வளர்ந்தன. மண்ணின் ஈரம் பகலில் ஆவியாகி, கண்ணாடியில் நீர்த்துளிகளாகப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியதை வார்டு கண்டார். உப்புக்காற்றில் வாடி மடிந்துவந்த நாற்றுகளைப் பல மாதக் கடற்பயணத்தில் காப்பாற்றியது இந்தச் சிறு மழையே.

இப்பெட்டியின் ஒரு பகுதியில் தண்ணீரையும் நிறுத்தி, அதில் மீன்களை வாழவிட்டால் அது நிலநீர்த் தொட்டியாகிவிடும். ஓடைக்கரையின் ஒரு சிறு துண்டை வீட்டிற்குள் வைத்ததற்கு ஒப்பானது அது. பாடநூலில் நீர்ச்சுழற்சியைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு கிடைப்பது அரிது.

ஓடைக்கரை எப்படி இருக்கும் என்பதைப் பினாங்கு மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை செல்லும் நாம், அதனருகே உள்ள தாவரவியல் பூங்காவிற்குள்ளும் சற்று நடந்து பார்க்கலாம். 1884-ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தொடங்கப்பெற்ற பூங்கா அது. பாறை எங்கே தண்ணீரைத் தொடுகிறது, பாசி எவ்வளவு உயரம் ஏறுகிறது, பன்னம் வெயிலில் நிற்கிறதா நிழலில் நிற்கிறதா என்று அங்கே உற்று நோக்கினால், பிறகு தொட்டி அமைப்பது எளிதாகும். பார்த்து வருவதோடு நிற்க வேண்டும். பூங்காவிலிருந்தோ, காப்புக் காட்டிலிருந்தோ, தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவிலிருந்தோ செடியும் உயிரினமும் எடுத்துவருவது கூடாது.

தொட்டியின் அளவு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி, தொடங்குவோருக்குப் போதுமானது. இதனினும் சிறிய தொட்டியில் தண்ணீர் விரைவில் கெட்டுவிடும். ஐந்து அங்குல ஆழத்திற்குத் தண்ணீர் விட்டால், நிலப்பகுதி போக ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மண், கல் அனைத்தும் சேர்ந்து மொத்த எடை 40 முதல் 50 கிலோ வரை வரும். ஆகவே பலகைத் தரையுள்ள வீடுகளில் உறுதியான மேசையைச் சுவரோரமாக இட்டு, அதன்மேல் தொட்டியை வைத்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். நிரப்பிய தொட்டியை நகர்த்தினால் ஒட்டு விட்டுப்போகும்.

நிலத்தையும் நீரையும் பிரிக்க, தொட்டியின் குறுக்கே ஆறு அங்குல உயரக் கண்ணாடித் துண்டொன்றைச் சிலிக்கோன் பசையால் ஒட்டலாம். பூஞ்சைக்கொல்லி கலந்த பசை மீன்களுக்கு நஞ்சாகும். மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் பசையைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்ப்பது முறை.

நிலப்பகுதியின் அடியில் இரண்டங்குலம் உடைந்த செங்கல் அல்லது சிறு கற்களும், அதன்மேல் சிறிது மரக்கரியும், அதன்மேல் நைலான் வலையும் பரப்பி, பின்னரே மண்ணை இட வேண்டும். வலை இல்லையேல் மண் கற்களுக்கிடையே இறங்கி, சில வாரங்களில் அடியில் சேறாகி நாற்றமெடுக்கும். வேர் அழுகுவதற்கு முதற்காரணம் இதுவே.

மண்ணைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. பால்மரங்களுக்கு இடையிலுள்ள கறுப்பு மண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் களைக்கொல்லி தெளித்த நிரையிலிருந்தும் உரமிட்ட மரத்தடியிலிருந்தும் எடுத்த மண், தொட்டித் தண்ணீரில் கசிந்து மீன்களைக் கொன்றுவிடக்கூடும். மருந்து படாத இடத்து மண்ணோ, கடையில் விற்கும் தேங்காய் நார்த்தூளோ போதும். பத்து ஃபிரிங்கி கடற்கரை மணலும் பவளக்கல்லும் வேண்டா. முன்னதில் உப்பு உள்ளது, பின்னது தண்ணீரைக் கடினமாக்கும். ஆற்று மணலைப் பலமுறை அலசி இட்டாலே அழகாக இருக்கும்.

செடிகள்

காசு கொடுத்து வாங்க வேண்டிய செடிகள் மிகச் சில. மணிப்பிளாண்டின் தண்டை நிலப்பகுதியில் ஊன்றி, வேரைத் தண்ணீருக்குள் இறங்கவிட்டால், அது தண்ணீரிலுள்ள கழிவுச் சத்தை உறிஞ்சி வளரும். வாளிப் பன்னங்களின் சிறு கன்றுகள் வேலியோரத்திலேயே கிடைக்கும். தோட்டத்து நிழலில் நீலம் பளபளக்கப் படர்ந்திருக்கும் செலாஜினெல்லாவை நம்மில் பலர் கண்டிருப்போம். நேர்வெயில் பட்டால் அதன் நீலம் மங்கிவிடும். தொட்டியின் நிழலான மூலைக்கு அதுவே பொருத்தமானது. நீர்ப்பகுதிக்கு, மலேசிய ஓடைகளில் இயற்கையாகவே வாழும் ஜாவா பன்னமும் கிரிப்டோகோரைனும் தகும். ஜாவா பன்னத்தை மண்ணில் புதைக்கலாகாது, கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சன்னல் வெயில் நேரே பட்டால் கண்ணாடி முழுதும் பாசி பிடிப்பதோடு, தண்ணீரும் சூடேறும்.

மீன்களும் கொசுவும்

நாம் நின்று பேச வேண்டிய செய்தி இதுவே. டெங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவானது பினாங்கில், 1902-ஆம் ஆண்டில். உயிருக்கு ஆபத்தான டெங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சலும் 1962-இல் பினாங்கிலேயே முதலில் அறியப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை வளரவிடுவோர் மீது நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. தோட்டத்தில் பால் எடுத்தபின் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்வதன் காரணத்தை நாம் அறிவோம். கைவிடப்பட்ட நிரைகளில் மங்குகளில் தேங்கும் மழைநீரே ஏடிஸ் கொசுவிற்குத் தொட்டில்.

ஏடிஸ் கொசு தண்ணீரின் நடுவில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் விளிம்பிற்குச் சற்று மேலே, ஈரமான பரப்பில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரித்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். நிலநீர்த் தொட்டியிலோ நிலமும் நீரும் சந்திக்கும் விளிம்பே முழு அழகு! கவனமின்றி அமைத்தால், கொசுவிற்கென்றே கட்டித் தந்தது போலாகிவிடும்.

இதனைத் தவிர்ப்பது கடினமன்று. முதலாவது, தொட்டியின் மேற்புறத்தை நுண்ணிய கொசுவலைச் சட்டத்தால் இடைவெளியின்றி மூட வேண்டும். அதனால் மீன் துள்ளி வெளியே விழுவதும் தடுக்கப்படும். அடுத்து, சிறிய நீரிறைக்கும் பம்பு ஒன்றால் தண்ணீரைக் கற்களின் மேல் ஓயாது வழிந்தோடச் செய்யலாம். ஓடும் தண்ணீரை ஏடிஸ் விரும்புவதில்லை. பம்பின் மின்கம்பி, சுவரிலுள்ள இணைப்பை விடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறுமாறு இருத்தல் வேண்டும். இல்லையேல் கம்பிவழி வடியும் தண்ணீர் மின்னிணைப்பினுள் புகும். தொட்டிக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த காவல் மீனே. கால்வாய்களிலும் வாழும் கப்பி மீன், கொசுப் புழுக்களைத் தேடித் தின்னும். ஆண் மீன்களாக ஐந்தோ ஆறோ போதும். பெண் மீன் ஒன்று சேர்ந்துவிட்டால் சில மாதங்களில் தொட்டி கொள்ளாது. பினாங்கோடு தொடர்புடைய மீன் ஒன்றும் உண்டு. தியோடர் கேண்டர் என்ற ஆய்வாளர் 1849-இல் பினாங்கிலிருந்து அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்திய பெட்டா பக்னாக்ஸ் என்னும் மலையோடை மீன் அது. முட்டைகளைத் தன் வாயில் வைத்துக் காப்பது ஆண் மீன். கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் குளிர்ந்த தூய ஓடைநீருக்குப் பழகிய அம்மீனை ஓடையிலேயே விட்டுவைப்பதே அழகு என்பது நம் கருத்து.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரின் நீங்கிய பின்னரே ஊற்ற வேண்டும். வாளியையும் வலையால் மூடுதல் நலம். புதிய தொட்டியில் எல்லா மீனையும் ஒரே நாளில் விடுவது பலர் செய்யும் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலில் தங்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் செடிக்கு உணவாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீனின்றி விட்டால் கொசு வரும். மீன் மிகுந்தால் மீன் சாகும். இரண்டு கப்பிகளை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் மாற்றி வருவதே நடுவழி. அதன்பின் வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். மாற்றும்போதே விளிம்பையும் கண்ணாடியையும் தேய்த்துவிட வேண்டும். எடுத்த தண்ணீர் வீட்டுப் பூச்செடிகளுக்கு நல்ல உரம்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைகளில் பண்டாராயா மீனை விற்பார்கள். கைவிரல் அளவில் வாங்கும் அம்மீன் முழங்கை அளவிற்கு வளரும். வைத்துக்கொள்ள முடியாமல் ஆற்றில் விட்டவர்களால், இன்று தீபகற்ப மலேசியாவின் பல ஆறுகளில் அது பெருகி உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால், மீன்களை வளர்க்க விரும்பும் அண்டை வீட்டாருக்கோ, கடைக்கோ கொடுத்துவிடலாம். நீர்ச்செடிகளை வெயிலில் நன்கு காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். காலித் தொட்டியின் உட்புறத்தைச் சவர்க்காரமும் தேய்ப்பானும் கொண்டு தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கொசு முட்டைகள் வெறும் அலசலில் போவதில்லை.