கேமராவிலிருந்து கணிப்பொறிக்கு: வழியில் நின்ற படங்கள்

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் பிலிம் தேவைப்படாத கேமரா ஒன்றைச் செய்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. குறுக்கே 100, நெடுக்கே 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதை ஒலிநாடாவில் பதிக்க 23 வினாடி ஆயிற்று. பதிந்ததைக் காண வேண்டுமாயின் நாடாவை வேறொரு கருவியில் இட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். ஆக, படம் எடுப்பது ஒரு வேலை. எடுத்ததை வேறு பொறியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இன்று கேமரா சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. அந்த இரண்டாவது வேலை மட்டும் நம்மை விட்டபாடில்லை. அதில் நான் பட்ட பாட்டை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற டிசம்பரில் நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் நடந்தது. நான் இயற்பியல் மாணவன். திட்ட அலுவலரோ வரலாற்றுத் துறைப் பேராசிரியர். அந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. ஆகவே சாலை செப்பனிட்ட நேரம் போக, மாலை வேளைகளில் எங்களை வரப்பு வரப்பாக நடத்திச் சென்றார். கடைசி நாளன்று ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு கல்லைக் கண்டோம். வில்லேந்திய வீரன், தலைக்கு மேலே வட்டெழுத்து வரிகள். மைப்படி எடுக்கத் தாளும் மையும் கைவசம் இல்லை. உச்சி வெயிலில் எழுத்து ஒன்றும் புலப்படவில்லை. ஐந்து மணிக்கு வெயில் பக்கவாட்டில் சாய்ந்தபோதுதான் ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நின்றது.

“சீக்கிரம் எடுத்துக்குங்க தம்பி. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சிடுவோம். அப்புறம் எழுத்து தெரியாது” என்றார் ஊர்ப் பெரியவர்.

கைப்பேசிகள் பலவும் அதற்குள் மின்சாரம் இழந்து உறங்கிவிட்டன. வரலாற்றுத் துறையின் பழைய டிஜிட்டல் கேமராவில் மூன்று படங்கள் எடுத்தேன். முகாமில் எடுத்த 212 படங்களில் கடைசி மூன்று அவையே.

கல்லூரிக்குத் திரும்பி, கேமராவைக் கணிப்பொறியுடன் இணைத்தோம். கேமராவில் மின்னேறும் விளக்கு எரிந்தது, கணிப்பொறியோ அசையவில்லை. கேமரா பழுது என்றார் ஒருவர். வைரஸ் என்றார் மற்றொருவர். (நம் விடுதியில் எந்தக் கோளாறுக்கும் வைரஸ்தான் காரணம், விசிறி சுற்றாவிட்டாலும்!) குற்றவாளி கேபிள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரம் செல்வதற்கு, இரண்டு தகவல் செல்வதற்கு. மின்னேற்ற மட்டுமே செய்யப்பட்ட மலிவான கேபிள்களில் பின்னவை இருப்பதில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நாங்கள் செருகியது யாரோ ஒருவரின் கைப்பேசிக் கேபிள்.

ஆய்வகத்தில் நமக்குச் சொல்லித் தந்த பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: முதலில் கேபிள், அடுத்துக் கணிப்பொறியின் துளை, பிறகு கணிப்பொறி. மூன்றையும் ஒருசேர மாற்றினால் வேலை நடந்துவிடக்கூடும். ஆனால் பழுது எங்கே என்பது தெரியாமலே போகும்.

நல்ல கேபிளைப் போட்டதும் கணிப்பொறி ஒலி எழுப்பியது. எனினும் சி, டி என்னும் எழுத்து வரிசையில் புதிதாக எதுவும் தோன்றவில்லை. பல கேமராக்கள் பென்டிரைவைப் போலத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. பிடிபி எனப்படும் முறையில், கேமராவாகவே கணிப்பொறியுடன் பேசும். ஆதலால் அதன் சின்னம் கேமராவின் பெயரோடு தனியே நிற்கும். அதைத் திறந்தால் டிசிஐஎம் என்ற உறை இருக்கும். எந்தக் கம்பெனிக் கேமராவானாலும் படங்கள் அதற்குள்தான். 1998இல் வந்த பொது விதி அது.

இந்த விவரம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அன்று நான் விழித்துக்கொண்டு நிற்கையில், பொறுமையிழந்த என் அறை நண்பன் கேமராவிலிருந்த நினைவட்டையை உருவித் தன் மடிக்கணினியில் செருகினான். அதில் தவறில்லை, சொல்லப்போனால் கேபிளைவிட அதுவே எளிய வழி. ஆனால் படங்களை நகலெடுக்காமல், வெட்டிப் பென்டிரைவில் ஒட்டினான். முடிந்ததாகத் திரை காட்டிய மறுகணமே பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். திரை முடிந்தது என்றாலும் உள்ளே எழுதும் வேலை இன்னும் சில வினாடி நடந்துகொண்டிருக்கலாம். மறுநாள் பார்த்தால் 175 படங்கள் திறந்தன. மற்ற 37க்கும் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நினைவட்டையோ துடைத்து வைத்ததுபோல் காலி. நடுகல் அந்த 37இல் இருந்தது. பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “சரிப்பா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

நூலகத்து அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு நூலின் அட்டையைக் கிழித்துவிட்டால் நூல் அழிந்துவிடுமா? அலமாரியில் அது இருந்த இடத்திலேயே இருக்கும், கண்டுபிடிக்கத்தான் வழியிராது. நினைவட்டையிலும் இதே கதை. எங்கள் அட்டை 16 ஜிபி. அதில் ஃபேட்32 என்ற பட்டியல் முறை. ஒரு படத்தை அழித்தால், கணிப்பொறி அதன் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்ணை எழுதி, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். படத்தைத் தொடுவதில்லை. அந்த இடத்தில் புதிதாக ஏதேனும் எழுதும்போதுதான் பழையது உண்மையில் அழிகிறது. எனவே படங்கள் காணவில்லையென்றால், அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கலாகாது. ‘இந்த அட்டையை வடிவமைக்கவா?’ என்று கணிப்பொறி பணிவோடு கேட்டாலும் ஒப்புக்கொள்ளலாகாது. எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த 64 ஜிபி அட்டையைப் பழைய எக்ஸ்பி கணிப்பொறியில் செருகினால், அது புரியாமலே அப்படிக் கேட்பதுண்டு. அட்டையில் குறையே இராது.

அட்டையின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைப் பூட்டும் பக்கம் தள்ளினேன். கணினி அறிவியல் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்கினார். முதலில் அட்டை முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, தேடலை அந்த நகலின்மேல் நடத்தினார். இந்த மென்பொருள் பட்டியலை நம்புவதில்லை. அலமாரியில் ஒவ்வொரு நூலாகப் புரட்டிப் பார்க்கும் ஆளைப் போன்றது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற எண்களில் தொடங்கி 255, 217இல் முடிகிறது. அந்தத் தொடக்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படத்தை அள்ளுகிறது. கேமரா ஒரு படத்தைப் பெரும்பாலும் அடுத்தடுத்த இடங்களிலேயே எழுதுவதால் இது பலிக்கிறது.

இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தது. அந்த 37இல் முழுமையாக வந்தவை 34. இரண்டு, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வந்தன. ஒன்று வரவேயில்லை. கோப்புப் பெயர்கள் போய்விட்டதால், படத்துக்குள் பதிந்திருந்த நாளையும் நேரத்தையும் கொண்டு வரிசைப்படுத்தினோம். கேமராவின் கடிகாரம் எப்போதோ நின்று 2014க்குப் போயிருந்தது. ஆண்டு தப்பானாலும் வரிசை தப்பவில்லை.

நடுகல்லின் மூன்று படங்களில் ஒன்று முழுப் படம். ஆனால் வீரனின் பெயர் வரும் இடத்தில் புளியங்கிளையின் நிழல் விழுந்திருந்தது. மற்றொன்று பாதிப் படம். வீரனின் முகத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல். எழுத்துகளோ தலைக்கு மேலே அல்லவா! பேராசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார். தொறு மீட்டுப் பட்டான் என்று முடிகிறது. தொறு என்றால் ஆநிரை. கவர்ந்து சென்ற மாடுகளை மீட்டுத் தந்து உயிர்விட்டவன். அவன் பெயரில் ஓர் எழுத்து மட்டும் பகரமா வகரமா என்று துணிய முடியவில்லை. வட்டெழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம்.

மாசியில் நல்ல கேபிளும் வெற்று அட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். பெரியவர் சொன்னபடியே சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணி வரை காத்திருந்தோம். எழுத்து எழவில்லை.